எழும்பாத பெட்டியின் கனம்

புன்னைத்துறை மீன்பிடித் துறைமுகத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருந்த சுவிட்ச், கார்த்திகை மாதத்துப் புயல் கரையைக் கடந்த காலையில் எழும்பாமல் போனது. அதற்குப் பிறகு அதை எழுப்பப் பார்த்த ஒவ்வொரு தடவையும் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் கூடிக்கொண்டே போனது. சுவிட்ச் என்றால் சுவரில் விளக்குப் போடத் தட்டுகிற சுவிட்ச் இல்லை. கோபுரத்திலிருந்து வருகிற கம்பி, ஒலிபெருக்கிக்குப் போகிற கம்பி, கணினிகளுக்குப் போகிற கம்பி எல்லாம் வந்து கூடுகிற, இருபத்துநாலு துளை வைத்த தட்டைப் பெட்டி. கடலிலிருந்து ஒயர்லெஸ் செட்டில் ஒருவன் கூப்பிட்டால் அந்தக் குரல் கோபுரத்தில் இறங்கி, பெட்டிக்குள் நுழைந்து, சரியான துளை வழியாக வெளியேறி, அறையில் இருக்கிறவர் காதில் விழும். நாலு கிலோ இருநூறு கிராம். சகாயராணி அதை ஒற்றைக் கையால் தூக்கிச் சட்டத்தில் மாட்டியவள்.

சகாயராணிக்கு முப்பத்தாறு வயது. உப்பளத்துக்காரர் மகள். ஒரு கம்பெனியின் ஒப்பந்த ஆளாக அந்தத் துறைமுகத்துக் கம்பிகளையும் பெட்டிகளையும் ஏழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலை ஏழு மணிக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது மழை சாய்ந்து சாய்ந்து அடித்தது. இரண்டு இடத்தில் வண்டியோடு விழுந்து எழுந்து வந்து சேர்ந்தாள். ஐந்து மணிக்கு முன்பே மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஓடி, விளக்கு வந்து, கணினி வந்து, மின்விசிறிகூட வந்துவிட்டது. பெட்டி மட்டும் வரவில்லை. ஒலிபெருக்கி சும்மா இருந்ததால், கூப்பிட யாரும் இல்லை, எல்லாரும் கரையேறிவிட்டார்கள் என்றே பணியில் இருந்தவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவள் மடிக்கணினியை நீலக் கம்பியால் பெட்டியோடு இணைத்து, அது தனக்குள்ளே என்ன பேசிக்கொள்கிறது என்று பார்த்தாள். கறுப்புத் திரையில் வரிகள் ஓடின. நான் இன்ன பெட்டி, எனக்கு இத்தனை துளை, என் கடிகாரம் ஓடுகிறது. கடைசியில், நினைவகத்தைச் சோதிக்கிறேன் என்று ஒரு வரியும் அதற்குப் பின்னால் மூன்று புள்ளிகளும் வந்தன. அதோடு நின்றுவிட்டது. அணைத்துப் போட்டாள், அதே வரி, அதே மூன்று புள்ளி. கம்பிகளை எல்லாம் உருவிவிட்டு வெறும் பெட்டியாகப் போட்டாள்; மூன்று புள்ளி. மின்கம்பியை மாற்றினாள், செருகியை மாற்றினாள், மூன்று புள்ளி. மின்சாரம் கொடுக்கும் பகுதியை மாற்றலாம் என்று பெட்டியைச் சட்டத்திலிருந்து இறக்கியபோதுதான் அது இரண்டு கைக்குக் கனத்தது. ராத்திரி சாப்பிடவில்லை, அதுதான் கை ஓய்ந்துபோயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு மழை விட்டது. மூன்று விசைப்படகுகள் வரவில்லை. அதில் பதினேழு பேர். கோபுரத்தில் இருந்த கருவி, அதிகாலை ஐந்தே காலிலிருந்து ஒன்பது மணிவரை இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள் வந்ததாக எண்ணி வைத்திருந்தது. அழைத்தது யார், சொன்னது என்ன என்று குறித்து வைக்கிற வேலை அதற்கு இல்லை. வந்த இருநூற்றுப் பன்னிரண்டும் கீழே பெட்டிக்கு அனுப்பப்பட்டன என்று மட்டும் அது சொன்னது. பெட்டியிலிருந்து ஒன்றும் வெளியே வரவில்லை. கடல் சில பலகைகளையும் ஒரு நீலக் கேனையும் திருப்பிக் கொடுத்தது. பதினேழு பேரில் ஒருவரைக்கூடக் கொடுக்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் சகாயராணி தினமும் அதை எழுப்பப் பார்த்தாள். காலையில் போடுவாள், மூன்று புள்ளி வரும், பெட்டி கனக்கும். மத்தியானம் போடுவாள், மூன்று புள்ளி வரும், பெட்டி கனக்கும். உள்ளே இருக்கிற மென்பொருள் கெட்டிருக்குமோ என்று புதிதாக ஒன்றை அந்த நீலக் கம்பி வழியாகவே சொட்டுச் சொட்டாக ஏற்ற நினைத்தாள். ஏற்றுகிற இடம்வரை அது போனால்தானே. ஒன்பதாம் நாள் சட்டத்தின் காது வளைந்தது. பன்னிரண்டாம் நாள் ஆணி பிடுங்கிக்கொண்டு பெட்டி தரையில் விழுந்து, தரை ஓடு ஒன்றை உடைத்தது. நாலு பேர் பிடித்தும் அசையவில்லை. ஐஸ் பேக்டரியிலிருந்து தராசு கொண்டுவந்தார்கள், தராசுக்குமேல் தூக்கி வைக்க முடியாமல் திரும்ப எடுத்துப் போனார்கள். படகு இழுக்கிற சங்கிலியை மாட்டி இழுத்தார்கள், சங்கிலியில் ஒரு கண்ணி நீண்டு கொடுத்தது.

உதவி இயக்குநர் தணிகைவேலு நல்ல மனிதர்தான். பொருள் பதிவேட்டில் கனம் என்ற கட்டத்தில் இருந்த எண்ணை அடித்துவிட்டு 'மாறுபடும்' என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டார். ஏன் கனக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கூட்டுகிற ராக்கம்மாள் பெட்டியைச் சுற்றித் துடைக்கப் பழகிக்கொண்டாள். மேசைகளை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டார்கள், தரை பெட்டிப் பக்கம் சரிந்திருந்ததால் பேனா உருண்டு உருண்டு பெட்டியிடமே போனது. போய் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பழைய ஒயர்லெஸ் செட் ஒன்றைச் சுவரில் மாட்டி, கோபுரத்துக்கு நேராக ஒரு கம்பி இழுத்து, வேலையை நடத்தினார்கள். எந்த அலுவலகத்திலும் சரிசெய்யப்படாமல் கிடக்கிற ஒரு பொருள் இருக்கும், இங்கே அது கொஞ்சம் கனமானது, அவ்வளவுதான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

மெடில்டா வந்தது மார்கழியில். தொலைந்த படகில் போன லெயோனின் தாய்; ஏலக்கூடத்தில் மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்கிறவள். மகன் இறந்ததாகச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டு வந்தாள். உடல் கிடைக்காதவருக்கு அப்படிச் சட்டென்று கொடுக்க முடியாது, வருஷக்கணக்காகும் என்று தணிகைவேலு எழுந்து நின்று சொன்னார். அவள் கிட்ட இருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நகர்ந்து தரையில் முழங்காலிட்டு, இரண்டு கையையும் பெட்டிக்கு அடியில் கொடுத்து, தூக்குவதுபோல் முட்டுக் கொடுத்துப் பார்த்தாள்.

"இது எம்மவன் கனமுல்லா," என்றாள்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. தலையில் கூடை சுமக்கிறவளுக்குக் கனம் தெரியாதா?

"அவன மட்டுமில்ல," என்றாள் பிறகு. "நெறைய பேரு இருக்கானுவ."

அடுத்த புதன்கிழமை ஏழு பெண்கள் வந்தார்கள். அதற்கடுத்த புதன்கிழமை பதினேழு வீட்டிலிருந்தும் வந்தார்கள். புதன்கிழமை ஏலம் குறைவு, அதனால் அந்த நாள் என்று ஆயிற்று. ஒருத்தி மாற்றி ஒருத்தி பெட்டியின் அடியில் கை கொடுத்து முட்டுவாள், அது அசையாது, அசையவில்லை என்பதே அவளுக்குப் போதும். என் வீட்டுக்காரர் இப்படித்தான், குடித்துவிட்டுப் படுத்தால் புரட்ட முடியாது என்று ஒருத்தி சொன்னதற்கு அந்த அறையில் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. பங்குச்சாமியார் ஒருநாள் வந்து பார்த்தார். தண்ணீர் தெளிக்கவும் இல்லை, கூடாது என்று சொல்லவும் இல்லை. தானும் ஒருமுறை முட்டிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனார். யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், கம்பி உருகும் என்று சகாயராணி கெஞ்சியதால் அதை ஜன்னல் திண்டுக்கு மாற்றினார்கள். ஆட்கள் வரவர, தணிகைவேலு தன் செலவில் நாலு பெஞ்சு வாங்கிப் போட்டார்.

அவர்கள் முன்னால் சகாயராணி பெட்டியைப் போடுவதில்லை. அவர்கள் போனபின் போடுவாள். மூன்று புள்ளி வரும். பெட்டி இன்னும் கொஞ்சம் இறங்கும்.

நினைவகம்தான் கோளாறு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை; அந்த வரியில்தானே நிற்கிறது. மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் மூடியின் விளிம்பில், பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று வெள்ளிநிறத்தில் ஒரு ஒட்டுச்சீட்டு இருந்தது. எங்கள் ஆள் வருவார், நீங்கள் கை வைக்காதீர்கள், வைத்தால் உங்கள் ஒப்பந்தத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனியிலிருந்து எழுதியிருந்தார்கள். புயல் அடித்த காலையிலும் அதைத்தான் போனில் சொன்னார்கள். ஆள் தையில் வருவார் என்றார்கள், மாசியில் வருவார் என்றார்கள். ஆள் வரவில்லை.

இதற்கும் முந்திய ஒன்று அவளிடம் இருந்தது. புரட்டாசியில் அந்தப் பெட்டியின் முகப்பில், கோளாறு என்று எச்சரிக்கிற ஒரு ஆரஞ்சு விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அவள் கம்பெனிக்கு எழுதினாள்; பதில் இல்லை. அந்த வாரம் தலைநகரிலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. "அந்த விளக்கு கண்ணை உறுத்துதும்மா, என்னன்னு கேட்பாங்க, ஏதாவது பண்ணேன்," என்றார் தணிகைவேலு. அவள் கறுப்பு டேப்பைக் கடித்துக் கிழித்து விளக்கின்மேல் ஒட்டினாள். ஆய்வு முடிந்தது. டேப்பை எடுக்க மறந்துபோனாள். புயல் காலையில் யாரும் பார்க்காதபோதுதான் அதைப் பிய்த்தாள்.

பங்குனி மாதத்தில் ஒரு புதன்கிழமை, மற்றவர்கள் கிளம்பியபின் தனியே உட்கார்ந்திருந்த மெடில்டாவிடம் அவள் அதைச் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டு, விளக்கிலிருந்து டேப்பு வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

மெடில்டா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இத எதுக்கு எங்கிட்ட சொல்லுத?"

"சொல்லணும்னு தோணுச்சுக்கா."

"சொன்னா ஒனக்குப் பாரம் கொறையும், அதுக்குத்தான?" மெடில்டாவின் குரல் உயரவில்லை. "எங்க கனத்த நாங்க வாரா வாரம் வந்து தூக்கிப் பாக்கோம். ஒன் கனத்த நீயே தூக்குட்டி. எந்தலையில ஏத்தாத."

அதற்குப் பிறகும் புதன்கிழமைகளில் அவள் வந்தாள். சகாயராணியோடு பேசுவது மட்டும் இல்லை. மற்ற பெண்களிடம் அவள் சொன்னாளா இல்லையா என்பது கடைசிவரை சகாயராணிக்குத் தெரியவில்லை.

ஐப்பசியில் புதுச் சுவிட்ச் வந்தது. அது வந்த அட்டையைப் பிரித்து, எதிர்ச்சுவரில் மாட்டி, மின்சாரம் கொடுத்ததும் நாலே நிமிஷத்தில் வரிகள் எல்லாம் ஓடி முடிந்து, இருபத்துநாலு துளையிலும் பச்சை விளக்கு எரிந்தது. அலுவலகத்தில் கைதட்டினார்கள். அன்று சாயந்திரமே தணிகைவேலு சகாயராணியைக் கூப்பிட்டார்.

"தரை நாளுக்கு நாள் இறங்குதும்மா. கட்டடத்துக்கே ஆபத்துன்னு பொறியாளர் எழுதிட்டார். பழசை எடுக்கவும் முடியாது. மேல கான்கிரீட் போட்டு மூடிடச் சொல்லி உத்தரவு. வர்ற புதன்கிழமை கொத்தனார் வர்றார்."

"புதன்கிழமையா சார்?"

"வேற நாள் அவர் வரமாட்டேங்கிறார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்ககிட்ட நீ சொல்லிடு. எனக்கு வாய் வராது."

அவள் சொல்லவில்லை. புதன்கிழமை பெண்கள் வந்தபோது வாசலில் மணலும் சல்லியும் கொட்டிக்கிடந்தன. கொத்தனார் இசக்கி கலவை போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருத்தி ஓவென்று அழுதாள். மெடில்டா பெட்டியின்மேல் போய் உட்கார்ந்து, "எம்மேலயும் சேத்துப் போடும்," என்று கொத்தனாரிடம் சொன்னாள்.

பெட்டி அப்போது மூடி மட்டும் தெரிய, முழுக்கத் தரைக்குள் போயிருந்தது. சகாயராணி இசக்கியிடம் உளியும் சுத்தியலும் கேட்டாள். மண்டியிட்டு, பெட்டியைச் சுற்றி விளிம்பைக் கொத்த ஆரம்பித்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று புரிய மெடில்டாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்து வழிவிட்டாள். பிறகு கொத்தின சிமெண்டை ஒருத்தி அள்ள, இன்னொருத்தி ஊதித் தள்ள, அறை முழுக்கத் தூசியானது. பக்கத்துத் திருகாணிகள் தெரிந்தன. சகாயராணி வெள்ளிச் சீட்டை நகத்தால் கிழித்தாள். மூடியைத் திறந்தாள்.

உள்ளே கடல் இல்லை, மனிதர் இல்லை. பச்சைநிறப் பலகையும் அதில் செருகியிருந்த விரல் நீள நினைவகப் பட்டையும்தான் இருந்தன. பட்டையை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் காலில் பொன்நிறமாக இருக்கவேண்டிய பற்களில், செப்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பு தங்கியதுபோலக் களிம்பு ஏறியிருந்தது. உப்புக்காற்று. வேறு ஒன்றுமில்லை. தணிகைவேலுவின் மேசையிலிருந்து பென்சில் அழிக்கிற ரப்பரை எடுத்து, அந்தப் பற்களை முன்னும் பின்னும் தேய்த்தாள். களிம்பு போய்ப் பொன் தெரிந்தது. துணியால் துடைத்தாள். திரும்பச் செருகினாள். உருவியதிலிருந்து செருகியதுவரை ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை.

புயல் அடித்த காலையில் அவள் வந்து சேர்ந்தது ஏழே முக்கால். கடைசி அழைப்பு வந்தது ஒன்பது மணி. ரப்பர் அப்போதும் அதே மேசையில்தான் இருந்தது. அவள் கணக்குப் போட வேண்டியதில்லை, கணக்கு தானே வந்து நின்றது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னட்டி?" என்றாள் மெடில்டா. ஏழு மாதத்தில் பேசிய முதல் வார்த்தை.

சகாயராணி கம்பிகளைச் செருகி, மின்சாரத்தைப் போட்டாள். வரிகள் ஓடின. நினைவகத்தைச் சோதிக்கிறேன். மூன்று புள்ளி. நாலாவது புள்ளி. ஐந்தாவது. புள்ளிகள் திரை முழுக்க ஓடி, விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின, ஒலிபெருக்கி கரகரத்தது.

"கன்ட்ரோல், கன்ட்ரோல். கேக்குதா?"

காற்றின் இரைச்சலோடு வந்தது. இன்ஜின் நின்றுபோனதைச் சொன்னது, தண்ணீர் ஏறுவதைச் சொன்னது, எந்தத் திக்கு என்று சொன்னது. அடுத்த குரல். அதற்கடுத்த குரல். மைக் கை மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு குரலுக்கும் ஒருத்தி பெஞ்சிலிருந்து எழுந்தாள். யாரும் யாருக்கும் அடையாளம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போகப் போக இன்ஜினைப் பற்றியும் திக்கைப் பற்றியும் சொல்வது நின்றுபோய், கேட்பது மட்டும் மிஞ்சியது. கேக்குதா? கன்ட்ரோல், கேக்குதா? நூற்று எழுபதாவது அழைப்புக்குமேல் பெரும்பாலும் லெயோனின் குரல்தான்.

"கன்ட்ரோல், கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. வேற ஒண்ணும் வேண்டாம்."

மெடில்டா மேசைக்குப் பாய்ந்து மைக்கை எடுத்தாள். "கேக்குதுய்யா. அம்மா பேசுதேன். கேக்குதுய்யா."

"கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே."

"கேக்குதுன்னுதான சொல்லுதேன், லெயோனு. ஏய், கேக்குதுல."

"கன்ட்ரோல். கன்ட்ரோல்."

அவள் சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். இருநூற்றுப் பன்னிரண்டாவது அழைப்பில் பேச்சு இல்லை, மைக்கை அழுத்திப் பிடித்திருக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் வந்து, விட்டுப்போனது. ஒலிபெருக்கி ஓய்ந்தது. கலவை போட்ட கரண்டியோடு இசக்கி வாசலில் நின்றுகொண்டிருந்தார், கலவை இறுகிக்கொண்டிருந்தது.

முதலில் அசைந்தது மெடில்டா. மைக்கை வைத்துவிட்டு வந்து, குழிக்கு அருகில் முழங்காலிட்டு, வழக்கம்போல இரண்டு கையையும் அடியில் கொடுத்து, உடம்பை ஊன்றி முட்டினாள். பெட்டி சட்டென்று கையோடு வந்துவிட, அவள் பின்னால் சாய்ந்து விழுந்தாள். மடியில் அது வெறும் தகரமாகக் கிடந்தது. இன்னொருத்தி அதை வாங்கி ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். அவளிடமிருந்து இன்னொருத்தி வாங்கினாள். பதினேழு கையும் மாறி அது மறுபடி மெடில்டாவிடமே வந்தது.

"ஒண்ணுமே இல்லியே," என்றாள் அவள். "போயிட்டானுவளே."

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கதவருகே யாரும் நிற்கவில்லை. இசக்கி குழியை அடைத்து, மட்டம் பிடித்து, மேலே பழைய நிறத்திலேயே தரை ஓடு ஒன்றைப் பதித்தார். தணிகைவேலு பதிவேட்டில் 'மாறுபடும்' என்பதை அடித்துவிட்டு, நாலு கிலோ இருநூறு என்று எழுதினார். பழைய பெட்டி இப்போது நன்றாகவே எழும்பியது, எத்தனை தடவை போட்டாலும் நாலு நிமிஷம். வீணாக்க வேண்டாம் என்று அதை ஏலக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். அடுத்த புதன்கிழமை பெஞ்சுகள் காலியாக இருந்தன. அதற்கடுத்த புதன்கிழமையும்.

மார்கழி பிறந்த பிறகு ஒருநாள், மத்தியான வெயிலில், பேருந்து நிறுத்தத்தில் சகாயராணி மெடில்டாவைப் பார்த்தாள். தலையில் கூடை, கூடையில் நாலைந்து மீன்தான். சகாயராணி வண்டியை நிறுத்தி இறங்கினாள். "எப்படி இருக்கீங்கக்கா," என்றாள்.

மெடில்டா அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் சகாயராணிக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சரி பண்ணிட்ட," என்றாள் மெடில்டா. "நல்லதுதான். அது ஒன் வேல."

பேருந்து வந்தது. ஏறப் போனவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இனிமே புதங்கெழம நான் எங்கட்டி போய் உக்காருவேன்?"

நடத்துனர் விசில் கொடுத்தார்.